ஐந்தில் மூன்று

சிங்கப்பூர் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் எனக்கு வழக்கறிஞர் அலுவலகம் இருந்த காலம். பழைய ரக்பி கிளப் ஒன்றின் உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பை நிறையக் கூட்டக் குறிப்பேடுகளோடு வந்தார். இரு அணியினரும் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசையில் நின்று ஆடியவர். காதுமடல்கள் தடித்துச் சுருண்டிருந்தன.

“கிளப்பைக் கலைச்சிட்டுப் பணத்தைப் பிரிச்சுக்கப் போறாங்க சார். எப்படியாவது நிறுத்தணும்.”

பள்ளித் தோழர்கள் தொடங்கிய கிளப் அது. சொந்தத் திடல் கிடையாது. ஆடியதற்காக யாரும் காசு வாங்கியதில்லை. சந்தா கட்டித்தான் ஆடினார்கள். வயதான பிறகு சிலர் பெர்த்துக்குக் குடிபெயர்ந்தார்கள், பலர் சந்தாவை மறந்தார்கள். வங்கியில் மட்டும் பணம் வளர்ந்துகொண்டிருந்தது.

இரகசியக் கும்பல்களை ஒடுக்க 1889இல் பிரிட்டிஷார் இங்கே சங்கங்கள் சட்டம் இயற்றினார்கள். அந்தக் கும்பல்கள் வேரூன்றிய இடங்களில் இந்தச் சைனாடவுனும் ஒன்று. இன்றும் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் பதிவு செய்ய வேண்டும், விதிமுறை வேண்டும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வந்த பிள்ளைகளையும் குறிப்பேடு எழுத வைத்தது அந்தச் சட்டம்தான். அதனால்தான் எங்களுக்கு வழக்கே கிடைத்தது.

இங்கே பல சங்கங்களின் விதிமுறையில் இருப்பதுபோல அவர்களுடையதிலும் ஒரு விதி: சிங்கப்பூரில் வசிக்கும், வாக்குரிமையுள்ள மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதித்தால்தான் கலைக்கலாம். செயற்குழுவோ கூட்டத்துக்கு வந்தவர்களில் ஐந்தில் மூன்று போதும் என்று தீர்மானம் போட்டுவிட்டது. சந்தா கட்டாதவர்கள் உறுப்பினர்களே இல்லை என்பது அவர்களுடைய அடுத்த வாதம்.

குறிப்பேடுகளை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இரண்டு பந்து வாங்க அனுமதி. விலா எலும்பு முறிந்தவருக்கு மருத்துவச் செலவு. மழைநீர் பட்டு மை கரைந்த ஒரு பக்கத்தில், தோற்ற ஆட்டத்துக்கும் எதிரணிக்கு விருந்து வைத்த கணக்கு. யாரையும் நீக்கியதாக ஒரு வரிகூட இல்லை. பாக்கிதாரரை எழுத்தில் அறிவித்த பிறகே நீக்கலாம் என்பது அவர்கள் விதி. ஆக, எல்லாரும் உறுப்பினர்களே.

எதிர்த்தரப்பு 1982ஆம் ஆண்டின் ஜிகேஎன் விளையாட்டுச் சங்கத் தீர்ப்பைக் காட்டியது. இங்கிலாந்தில் செயலிழந்துபோன அந்தச் சங்கம் தானாகவே கலைந்துவிட்டது என்றும், சொத்து உறுப்பினர்களுக்குத் தலைக்குச் சமமாகப் போகும் என்றும் நீதிபதி மெகாரி சொன்னார். ஆனால் அதே தீர்ப்பில், வெறுமனே செயலற்றுக் கிடப்பது மட்டும் கலைப்பு ஆகாது என்றும் சொல்லியிருக்கிறார். அங்கே திடலையே விற்க முடிவெடுத்துவிட்டார்கள். இங்கே என் கட்சிக்காரர் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்குப் பந்து கடத்தக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்!

சமரசப் பேச்சில் கல்கத்தா கிளப்பின் கதையைச் சொன்னேன். 1873இல் தொடங்கிய கிளப், ஐந்தாறு ஆண்டுகளில் ஆள் குறைந்து கலைந்தது. இருப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகத்தான் மோதுகின்றன. கலைப்பதானாலும் அப்படிக் கலைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். விதிமுறையில் ஒரு திருத்தம் சேர்க்கச் சொன்னார் ஆசிரியர்: கிளப் என்றைக்குக் கலைந்தாலும் மிச்சப் பணம் பள்ளி ரக்பிக்கே, உறுப்பினர் எவருக்கும் ஒரு வெள்ளிகூடக் கிடையாது. பொதுக்கூட்டத்தில் அது நிறைவேறியது.