புளியும் புட்டியும்

சென்ற மாதம் நமது இல்லத்தில் ஒரு சிறு குடும்பக் கலகம் மூண்டது. கலகத்துக்குக் காரணம் மின்சாரக் கெட்டில். சென்னை ஆழ்குழாய்க் கிணற்று நீரின் கிருபையினால் அதன் அடிப்பாகத்தில், வெள்ளையடித்த சுவர் போலச் சுண்ணாம்புப் படிவு ஏறியிருந்தது. அதைப் போக்குவதற்காக நாம் கடைத்தெருவிலிருந்து அழகான புட்டி ஒன்றை வாங்கி வந்தோம்.

"இதற்குப் போய்ப் பணத்தைக் கொட்டுவார்களா? எலுமிச்சம்பழம் எங்கே போயிற்று?" என்றார் நம் அன்னையார்.

அவருடைய கட்சிக்கு ஆதாரம் இல்லாமலில்லை. அறுபது வருஷ காலமாகக் குத்துவிளக்கையும் அண்டாவையும் புளி கொண்டே பளபளக்கச் செய்த கை அது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கிறது என்று இரசாயன நூலார் கூறுகிறார்கள். அந்தப் பெயரை அறியாமலே நம் பாட்டிமார் காரியத்தைச் சாதித்து வந்தார்கள்.

கெட்டிலில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு பழங்களைப் பிழிந்து, கொதி வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி அரை மணி நேரம் விட்டுவைத்தோம். படிவு குமிழியிட்டுக் கரைந்து போயிற்று. பிறகுதான், புட்டியின் மீது எறும்புக் கால் போன்ற எழுத்தில் அச்சிட்டிருந்ததை மூக்குக் கண்ணாடி அணிந்து படித்தோம். 'சிட்ரிக் அமிலம்' என்றிருந்தது. எலுமிச்சம்பழத்தின் புளிப்பேதான்!

அன்றே நாம் இயற்கைக் கட்சியில் சேர்ந்துவிட்டோம். புதிதாக மதம் மாறியவனுக்குப் பக்தி அதிகம் அல்லவா? எண்ணெய்ப் பிசுக்கேறிய அடுப்புப் பர்னரின் மீது சமையல் சோடாவைத் தூவி, வினிகரை ஊற்றினோம். ஆஹா! என்ன நுரை! என்ன ஆரவாரம்! நுரை அடங்கிய பின் பார்த்தால், பிசுக்கு இருந்த இடத்தில் சௌக்கியமாக இருந்தது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, பெரும்பாலும் உப்புத் தண்ணீரையே மிச்சம் வைக்கின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. சளைக்காமல் பர்னரை இரவு முழுவதும் சோடாத் தண்ணீரில் ஊறவைத்தோம். பர்னர் அலுமினியத்தாலானது. காலையில் கன்னங்கரேலென்று காட்சி தந்தது.

இவையெல்லாம் சிரித்து மறக்கக் கூடியவை. அடுத்தது அப்படியல்ல.

சமையலறைத் தொட்டியின் கறை போக அதில் பிளீச்சிங் திரவம் ஊற்றியிருந்தோம். கறை போகவில்லை. "இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?" என்று அதன் மேலேயே வினிகரையும் ஊற்றினோம். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மறு நிமிஷம் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. அருகில் காய் நறுக்கிக் கொண்டிருந்த அன்னையார் இருமிய இருமல் இன்னும் நம் காதில் இருக்கிறது. அவரைக் கைத்தாங்கலாக வெளித் திண்ணைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்ல வேளையாக, வைத்தியர் பார்த்த பிறகு இரண்டு நாளில் இருமல் தணிந்தது.

பிளீச்சிங்குடன் புளிப்புச் சேர்ந்தால் எழுவது குளோரின் வாயு. 1915-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் பெல்ஜியத்தில், ஈப்ரே நகரத்தின் அருகே ஜெர்மன் சேனை எதிரிகள் மீது ஏவிய அதே நச்சுக் காற்று! அதை நம் தாயார்மீது நாமே ஏவியிருந்தோம்.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான். சுண்ணாம்புப் படிவுக்குப் புளிப்பு. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சவர்க்காரமும் வெந்நீரும். அலுமினியத்துக்குச் சோடாவும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். மின்சாரச் சாமானைத் துடைக்குமுன் இணைப்பைக் கழற்றிவிடுக. பிளீச்சிங்குடன் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் சேர்க்கவே வேண்டாம். இவ்வளவையும் அறிந்தவருக்குப் புளியும் நண்பன், புட்டியும் நண்பன்.

பிளீச்சிங் புட்டியில் எச்சரிக்கை இருக்கத்தான் இருந்தது. ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். "தமிழில் பெரிதாகப் போட்டால் என்னவாம்?" என்று திண்ணையில் உட்கார்ந்து நாம் பொருமினோம்.

அன்னையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போடத்தான் வேண்டும், அப்பா. ஆனால் இங்கிலீஷ் தெரியாதவள் நானல்லவா? புட்டியைக் கவிழ்த்தவன் நீ!"

இப்போது அந்தப் புட்டியின் மீது நம் கையால் எழுதிய தமிழ்ச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அன்னையாருக்காக அல்ல, நமக்காகத்தான்.