காட்டுக்குப் போக ஒரு கத்தி

செமஸ்டர் லீவில் மலையேறப் போக எங்க வகுப்பில் ஒரு கோஷ்டி தயாராகிறது. டென்ட், ஷூ எல்லாம் வாங்கியாச்சு, கத்திதான் பாக்கி. கத்தி பற்றி எதையாவது படித்துக்கொண்டே இருப்பவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எல்லோர் மனதிலும் இருப்பது 1982-ல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்து ரேம்போ கத்திதான். முதுகில் ரம்பப் பல், உள்ளே ஊசி, தீக்குச்சி வைக்கிற குழாய்ப் பிடி. பார்க்க அட்டகாசம்! ஆனால் கடையில் அந்த மாதிரி விற்கும் மலிவுக் கத்திகளில் அலகின் இரும்பு பிடி தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். விறகு பிளக்கத் தட்டினால் அங்கேதான் உடையும். மடக்குக் கத்திக்கோ கீல் உள்ள இடம் பலவீனம்.

அதனால் மடக்காத கத்தியாக வாங்குங்கள். அதிலும் அலகின் இரும்பு ஒரே துண்டாகப் பிடியின் கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். ஃபுல் டேங் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

நீளம் நாலு அங்குலம் போதும். சுள்ளி சீவ, கயிறு அறுக்க, வெங்காயம் நறுக்க அதற்கு மேல் எதற்கு? பலரும் புகழும் ஸ்வீடன் நாட்டு மோரா கார்பெர்க் கத்தியின் அலகே 109 மி.மீ. நீளம், 3.2 மி.மீ. கனம்தான். கார்பன் ஸ்டீல் என்றால் சாணை பிடிப்பது சுலபம், ஆனால் ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மழைக்கு ஸ்டெயின்லெஸ் நல்லது. ஆட்டினாலும் கத்தி நழுவாத கெட்டியான உறையும் வேண்டும்.

வாங்கியாச்சு, இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பலாமா? அவசரப்படாதீர்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கத்தியையும் ஆயுதம் என்றே சொல்கிறது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. முதுமலையோ முண்டந்துறையோ, முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். கூடாது என்றால் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

கத்தி இல்லாமல் ஆபத்து வந்தால் என்கிறீர்களா? 2003-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரன் ரால்ஸ்டனின் வலது கை பாறையில் மாட்டிக்கொண்டது. ஐந்து நாள் போராடிவிட்டு, எலும்பை உடைத்து, மலிவான ஒரு மல்டிடூலின் மொண்ணைக் கத்தியால் கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். நம்ம ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' (2010) அவர் கதைதான். கூர்மையான கத்தி இருந்திருந்தால் வேதனை கொஞ்சம் குறைந்திருக்கும், ஆனால் கை போனது போனதுதான். எங்கே போகிறேன் என்று ஒருவரிடமாவது சொல்லியிருந்தால், அன்றைக்கே இல்லாவிட்டாலும் சீக்கிரமே தேடத் தொடங்கியிருப்பார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே மக்களே, கத்தியை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்னால் போகும் வழி, திரும்பும் நாள், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். அம்மா திட்டுவார்கள். பரவாயில்லை, வாங்கிக்கொண்டு போங்கள்.