எங்க ஏரித் தண்ணி போற ஊரு

செமஸ்டர் லீவு விட்டா எங்கே போவீங்க? மால், தியேட்டர், மெரினா... அதானே? இந்தத் தடவை நான் ஒரு தண்ணிக்குப் பின்னாடியே போனேன்!

நான் கரையான்சாவடிப் பையன். பூந்தமல்லியை ஒட்டின ஊர். எங்களுக்கு டூர் ஸ்பாட்டுன்னா செம்பரம்பாக்கம் ஏரிதான். 24 அடி உயரம் நிரம்பினா 3,645 மில்லியன் கன அடி தண்ணி நிக்கும். நிரம்பி வழிஞ்சா, உபரித் தண்ணி திருநீர்மலை பக்கம் அடையாறுல சேர்ந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு சுத்திட்டு கடலுக்குப் போகும். 'போகும்'னு புத்தகத்துல படிச்சதோட சரி. போய்ச் சேர்ற இடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

என் நண்பனுக்குத் தூண்டில் பைத்தியம். எனக்குப் பறவைப் பைத்தியம். ரெண்டு பைத்தியத்துக்கும் பொதுவான இடம் அடையாறு முகத்துவாரம்னு முடிவாச்சு. ஒரு டிசம்பர் காலையில, இருட்டு பிரியறதுக்குள்ள பஸ் பிடிச்சு, கிண்டியில மாறி, பெசன்ட் நகர்ல இறங்கினோம். அங்கேர்ந்து ஊரூர் குப்பம் வழியா வடக்கால நடந்தா, பாதியில அறுந்து நிக்குது 'உடைஞ்ச பாலம்'. சாந்தோம் பக்கத்து மீனவர்கள் இந்தப் பக்கம் வந்து போக 1967-ல கட்டினது. பத்தே வருஷம். 1977-ல ஆத்து வேகத்துல இடிஞ்சது. அதோட சரி, யாரும் திரும்பக் கட்டலை.

அந்த மணல்ல நிக்கும்போது ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க. 1746-ல பிரெஞ்சுக்காரங்க இங்கிலீஷ்காரங்ககிட்டேர்ந்து சென்னைக் கோட்டையைப் பிடிச்சாங்க. ஆற்காடு நவாப்போட மகன் மாபூஸ்கான் பெரிய படையோட இந்த ஆத்துக்கு வடகரையில வந்து நின்னாரு. பாண்டிச்சேரியிலேர்ந்து வந்த பாரடிஸ்ங்கிற தளபதிகிட்ட இருந்தது ஒரு சின்னப் படைதான். ஆனா ஆத்துல இறங்கி நடந்தே கடந்து வந்து அடிச்சாங்க, நவாப் படை ஓடியே போச்சு! பயிற்சி எடுத்த சின்னப் படை பெரிய படையைச் சாய்க்கும்னு ஐரோப்பாக்காரங்களுக்குத் தெம்பு வந்தது இந்த அடையாறு சண்டையிலதான்.

நான் பைனாகுலரை எடுத்தேன். ஆஹா! சேத்துத் திட்டுல ரோஸ் கலர் காலோட நெடுங்கால் உள்ளான்கள். தண்ணி ஓரமா மஞ்சள்மூக்கு நாரைகள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒண்ணு, அந்தரத்துல அப்படியே நின்னு, பொசுக்குன்னு தலைகீழா பாய்ஞ்சது. மத்திய ஆசியாவிலேர்ந்து குளிருக்குத் தப்பிச்சு வந்த கடற்காகங்கள் மணல் திட்டுல கூட்டம் போட்டிருந்தது. அதுங்களுக்கு பாஸ்போர்ட்டும் இல்லை, செமஸ்டரும் இல்லை!

நண்பனுக்கு ரெண்டு மணி நேரத்துல மாட்டினது ஒரே ஒரு ஜிலேபி. பக்கத்துலயே இடுப்பளவு தண்ணியில ஒரு அண்ணன் வீச்சு வலையை விரிச்சு வீசுறார். வலையில மடவை துள்ளுது. "எப்படிண்ணே?"ன்னு கேட்டோம். சிரிச்சார்.

"வாய் தொறந்துக்குது தம்பி. அதான்."

'வாய்'னா முகத்துவாரம். வெயில் காலத்துல ஆத்துல ஓட்டம் குறைஞ்சுடும். கடல் அலை மணலைக் கொண்டாந்து கொட்டி வாயை அடைச்சிடும். அப்புறம் உள்ளே இருக்கறது சாக்கடைத் தண்ணி மட்டும்தான். மடவை முட்டை போடுறது கடல்ல, குஞ்சு வந்து வளர்றது இந்த மாதிரி கழிமுகத்துல. வாய் மூடினா குஞ்சு வராது. குஞ்சு வரலைன்னா மீனும் இல்லை, மீனைத் தேடி வர்ற பறவையும் இல்லை. அப்பப்போ பொக்லைன் வெச்சு மணலைத் தோண்டி விடுறாங்க. ஆனா தாராளமா தொறக்கணும்னா மழை வெள்ளம் வரணும்.

"எங்கேர்ந்து வர்றீங்கோ?"ன்னு கேட்டார். "பூந்தமல்லி பக்கம்ணே, கரையான்சாவடி."

வலையை உதறிக்கிட்டே சொன்னார்: "அட, ஏரிக்காரங்களா! அந்த வருசம் உங்க தண்ணிதான் எங்க ஊட்டை இஸ்துகினு போச்சு."

அவர் வீடு அக்கரையில, சீனிவாசபுரத்துல. கோபமா சொல்லலை. 'நேத்து மழை'ன்னு சொல்ற மாதிரி சொன்னார். எனக்குத்தான் சுருக்குன்னது.

2015 நவம்பர்ல நான் அஞ்சாங்கிளாஸ். மழை விட்ட ஒரு மத்தியானம், ஏரி நிரம்பிடுச்சுன்னு கேள்விப்பட்டு அப்பா பைக்ல கூட்டிட்டுப் போனார். மதகுல தண்ணி நுரைச்சுக்கிட்டு கொட்டறதைப் பார்த்து நான் கைதட்டினேன். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம். டிசம்பர் 1-ம் தேதி அதே ஏரியிலேர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணி திறந்தாங்க. வழியெல்லாம் பெய்த மழையும் ஏரிகள் உடைஞ்ச தண்ணியும் கூடச் சேர்ந்து, ஆத்தோரம் இருந்த வீடுகளையெல்லாம் அடிச்சது. நான் கைதட்டின தண்ணி எங்கே போச்சுன்னு பத்து வருஷமா நான் ஒரு தடவைகூட யோசிச்சதில்லை.

மீனுக்கு வாயைத் திறந்து விடுறதும் வெள்ளம்தான். வீட்டை வாரிட்டுப் போறதும் வெள்ளம்தான். ரெண்டும் தெரிஞ்சும் அந்த அண்ணன் ஆத்தைத் திட்டலை. கிளம்பும்போது நாலு மடவையை ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தார். காசு நீட்டினா வாங்கலை.

"அடுத்த தபா வரும்போது உங்க ஊர்ல குப்பையைப் போடாம வாங்க. வலை கிழியுது."

நீங்களும் போய்ப் பாருங்க. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கடல் வத்தி சேத்துத் திட்டு தெரியற காலை நேரம் பெஸ்ட். பாலத்து மேல ஏறாதீங்க, அது ஆபத்து. பைனாகுலர் இல்லைன்னாலும் பரவாயில்லை.

ஆனா போறதுக்கு முந்தின நாள், உங்க தெருக் கால்வாய் எந்த ஆத்துல போய்ச் சேருதுன்னு மட்டும் விசாரிச்சுட்டுப் போங்க. அங்கே யாராவது "எந்த ஊரு?"ன்னு கேட்டா, என்னை மாதிரி முழிக்க வேண்டாம் பாருங்க!