போய்வருதல்

சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டருக்கு மேல் தரப்படுவதில்லை. ரயில்வேயின் விதி இது. இதைக் கட்டண விதியாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. காலையில் கிளம்பி, வேலை பார்த்து, அன்றிரவே தன் வீட்டில் வந்து படுக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்று எங்கோ ஒரு மேஜையில் யாரோ யோசித்திருக்கிறார்கள். யோசித்து, ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். காட்பாடி சென்னை சென்ட்ரலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். கோட்டுக்கு இந்தப் பக்கம் 20 கிலோமீட்டர் மிச்சம் வைத்து நான் குடியிருக்கிறேன். ஆம்பூர் கோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்தும் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். விதி எதை எதிர்பார்த்ததோ, அதைவிடக் கூடுதலாகவே மனிதர்கள் தாங்கிவிடுகிறார்கள்.

கணக்கு எளிமையானது. போக வர ஒரு நாளைக்கு 260 கிலோமீட்டர். வருஷத்துக்கு 240 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 62,400 கிலோமீட்டர். பூமியை ஒன்றரைத் தடவை சுற்றிவிடலாம். தொற்றுக் காலத்தைக் கழித்துப் பத்தொன்பது ஆண்டுகள் இப்படிப் போய்வந்திருக்கிறேன். மொத்தம் 11,85,600 கிலோமீட்டர். நிலவின் சராசரித் தூரம் 3,84,400. அதாவது நிலவுக்குப் போய், திரும்பி, மறுபடியும் போய்ச் சேர்ந்திருக்கிறேன். கணக்குப்படி நான் இப்போது இருக்கவேண்டிய இடம் நிலவு. இருப்பது பேசின் பிரிட்ஜில், சிக்னலுக்காக.

நேரக் கணக்கு இவ்வளவு வேடிக்கையாக இல்லை. ரயிலில் ஐந்து மணி, பிளாட்பாரத்தில் அரை மணி. வருஷத்துக்கு 1,320 மணி நேரம். இருபத்துநாலால் வகுத்தால் 55 முழு நாட்கள். பத்தொன்பது ஆண்டுகளில் மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. இரவு பகல் இறங்காமல் மூன்று வருஷம் ஒருவன் ரயிலிலேயே இருந்தான் என்றால் அவனைப் பற்றிக் கதை எழுதலாம். தினம் ஐந்தரை மணியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் கதை இல்லை. நம் கதைகளில் வரும் ரயிலில் யாராவது யாரையாவது சந்திக்கிறார்கள். யாராவது திரும்பி வராமல் போகிறார்கள். தினசரி ரயிலில் நேற்றுச் சந்தித்தவரையே சந்திக்கிறோம். எல்லோரும் திரும்பி வந்துவிடுகிறோம்.

இந்தக் கணக்கை இப்போது எடுக்கக் காரணம் என் மகள். படிப்பை முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு வேலைக்கு உத்தரவு வாங்கியிருக்கிறாள். ஹாஸ்டலில் தங்குவதா, தினம் போய்வருவதா என்று முடிவு செய்யவேண்டும். "உங்களுக்குத்தான் தெரியும். போய்வர முடியுமாப்பா?" என்று கேட்டாள். முடியும் அல்லது முடியாது என்று ஒரு சொல் போதும் அவளுக்கு. கேள்வி கேட்கப்பட்டு மூன்று வாரம் ஆகிறது.

முதலில் சொல்லைப் பற்றி. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நாம் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்போம். திரும்பி வருவேன் என்ற உறுதி அந்த விடைபெறுதலிலேயே இருக்கிறது. மங்கல வழக்காக இருந்த ஒன்று என்னைப் போன்றவர்களுக்குத் தொழிலாகிவிட்டது. ஆங்கிலத்தில் இதற்குள்ள 'கம்யூட்' என்ற சொல்லுக்கு வேறு சரித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க ரயில்களில் தினக் கட்டணங்களை ஒன்றாகத் திரட்டிக் குறைத்துக் கொடுத்த சீட்டிலிருந்து அது வந்தது. அதே சொல்தான் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றும்போதும் பயன்படுகிறது. அரசு ஊழியனுக்கு மூன்றாவதாக ஒரு அர்த்தமும் பழக்கம்: ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தத் தொகையாக இப்போதே வாங்கிக்கொள்கிற கம்யூடேஷன். மூன்றிலும் நடப்பது பண்டமாற்று. ஒன்றைக் கொடுத்து வேறொன்றைப் பெறுகிறோம். எதைக் கொடுத்தோம், எதைப் பெற்றோம் என்பதோடு யாருடையதைக் கொடுத்தோம் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

இந்தத் தண்டவாளத்துக்கு வயது அதிகம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1873இல். ஆற்காட்டுச் சீமையைப் பட்டணத்தோடு கட்டிப்போட்ட கயிறு இது. அன்று முதல் உள்நாட்டில் உள்ளது பட்டணத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. 2019 கோடையில் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீரையே ரயிலில் ஏற்றினார்கள். ஜூலை 12 அன்று முதல் வண்டி வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஐம்பது வாகன்கள், 25 லட்சம் லிட்டர். அந்த நாட்களில் தண்ணீர் வண்டிக்கு வழிவிட்டு எங்கள் வண்டி நின்றால் பெட்டியில் யாரும் கோபப்படவில்லை. தண்ணீரும் எங்களைப் போலவே போய்வருவதாக ஒருவர் சொன்னார். மற்றொருவர் திருத்தினார்: தண்ணீர் போகிறது, வருவது காலி வாகன். அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

காட்பாடியில் ஏன் இருக்கவேண்டும் என்பதற்கு என்னிடம் காரணங்கள் உண்டு. வீடு அப்பா கட்டியது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அம்மா கடைசிவரை இந்தத் திண்ணையை விட்டு வரச் சம்மதிக்கவில்லை. சென்னையில் இரண்டு அறைக்குக் கொடுக்கவேண்டிய வாடகையில் இங்கே ஒரு குடும்பம் நடக்கும். இவை பொய்யான காரணங்கள் அல்ல. இந்தப் பாதையில் என்னோடு வருகிற பலரிடமும் இதே காரணங்கள்தான், சிறு மாறுதல்களோடு.

வரவுப் பக்கத்தில் நண்பர்கள் உடனே எழுதுவது வாசிப்பை. தினம் ஐந்து மணி நேரம் படிக்கக் கிடைக்கிறதே என்று பொறாமையோடு சொல்கிறார்கள். காலையில் காட்பாடியிலிருந்து அரக்கோணம் வரை படிக்க முடியும். அரக்கோணத்தில் கூட்டம் ஏறிய பிறகு புத்தகத்தின் மேல் ஒரு டிபன் காரியர் தொங்கும். மாலையில் கண் வரிகளின் மீது ஓடும், மனம் ஓடாது. மாலையில் படித்த பக்கங்களை மறுநாள் காலை மறுபடி படித்திருக்கிறேன். நிகரமாகக் கிடைப்பது ஒரு மணி நேரம். அது குறைவல்ல. பெரிய ருஷ்ய நாவல்களை அந்த ஒரு மணி நேரங்களில்தான் முடித்தேன். நாவல் ரயிலைத் தாங்குகிறது. விட்ட இடத்தில் நமக்காக நின்றுகொண்டிருக்கிறது. கவிதை தாங்குவதில்லை. கவிதையின் கடைசி வரிக்குப் பிறகு வரவேண்டிய மௌனத்தில் சமோசா வந்துவிடுகிறது. இப்போது பக்கத்து ஆளின் செல்போனில் யாரோ சிரிக்கிறார்கள். நேரம் வேறு, பொழுது வேறு. ரயில் நேரத்தைக் கொடுக்கும். பொழுதைக் கொடுக்காது. எழுத வேண்டுமென்றால் பொழுது வேண்டியிருக்கிறது.

தோழமையையும் வரவில் வைக்கவேண்டும். பத்தொன்பது வருஷமாக ஒரே பெட்டி, ஏறத்தாழ அதே முகங்கள். மடிமேல் செய்தித்தாளை விரித்துச் சீட்டு நடக்கிறது. ஆயுத பூஜைக்குப் பெட்டியில் வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் விநியோகம் ஆகிறது. ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் விசாரிப்பு நடக்கிறது. 2021 டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னையாற்றுப் பாலத்தில் பழுது கண்டு ரயில்கள் ரத்தானபோது, ஒருவருக்கொருவர் போன் செய்து பஸ்ஸில் இடம்பிடித்துக் கொடுத்தோம். இருப்பினும் இந்தத் தோழமைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அவர்கள் யாருடைய வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் இருவருக்குமே என்ன பேசுவதென்று தெரிவதில்லை.

மாலை வண்டியில் ஏறுவதற்காகப் பெண்கள் பெட்டியைக் கடந்து நடக்கவேண்டும். ஜன்னல் வழியாகத் தெரியும். அங்கே சீட்டு நடப்பதில்லை. கீரை ஆய்கிறார்கள். பூண்டு உரிக்கிறார்கள். பூத் தொடுக்கிறார்கள். அவரைக்காயை நார் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுகிறார்கள். ஆண்களுக்கு ரயில் என்பது ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் எந்த வேலையும் இல்லாத ஒரு இடம். அவர்களுக்கு ஆபீஸ் முடிந்த நிமிஷத்தில் பிளாட்பாரத்திலேயே சமையலறை தொடங்கிவிடுகிறது. ஒரே வண்டி, ஒரே வேகம், ஒரே சீசன் கட்டணம். இருந்தும் இரண்டு பெட்டிகளும் ஒரே பிரயாணத்தைச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

2020 மார்ச்சில் ரயில்கள் நின்றன. பிறகு சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியபோதும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே இடம். சீசன் டிக்கெட் நெடுநாள் செல்லவில்லை. ஆபீசுக்கு வரச் சொன்ன பிறகு திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அறை எடுத்தேன். திங்கள் போய், சனி திரும்புவது. தினம் ஐந்து மணி நேரம் திரும்பக் கிடைத்தது. முதல் வாரம் படித்தேன். இரண்டாம் வாரம் கடற்கரைப் பக்கம் நடந்தேன். மூன்றாம் வாரம் அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆகையால் மேன்ஷனை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அந்த மாதங்களில் வேறொன்று கண்ணில் பட்டது. சனிக்கிழமைகளில் வீட்டுக்குள் நுழையும்போது என் மனைவியின் முகம் மாறியிருந்தது. கண்ணுக்குக் கீழிருந்த கருமை வெளுத்திருந்தது. பேச்சில் ஒரு நிதானம். "உடம்புக்குத் தேவலையா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க, தூங்கறேன்" என்றாள்.

ஆறு மணி வண்டிக்கு நான் ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும். ஐந்தரைக்குக் கிளம்புகிறவனுக்குக் காப்பி, பலகாரம், மதியச் சாப்பாடு எல்லாம் ஆகவேண்டுமானால் ஒருத்தி நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவன் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, அவள் படுக்கப் பதினொன்று ஆகும். நான் அரக்கோணம் வரையாவது ஜன்னலில் தலைசாய்த்துக் கண்ணை மூடலாம். அவளுக்கு அரக்கோணம் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத் தூக்கம் என்று குறைவாகவே வைத்தாலும், 240 நாளைக்கு 360 மணி நேரம். வருஷத்துக்குப் பதினைந்து முழு நாட்கள். அவளுக்குச் சீசன் டிக்கெட் கிடையாது. அவள் எங்கேயும் போகவில்லை. போய்வருகிறவர்கள் பெட்டியில் உட்கார்ந்து போடும் எந்தக் கணக்கிலும், வாடகை மிச்சத்திலும் சரி, வாசிப்பு லாபத்திலும் சரி, இந்தப் பதினைந்து நாட்களுக்குப் பத்தி இல்லை. தினசரிப் பிரயாணம் கட்டுப்படியாகிறது என்று ஒருவன் சொன்னால், அதைக் கட்டுப்படியாக்குகிறவர் வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம்.

ஆகவே என் மகளின் கேள்விக்கு என் அனுபவம் பதிலாகாது. முடியுமா என்று கேட்டால், எனக்கு முடிந்தது. ஆனால் நான் போய்வந்ததைப் போல அவள் போய்வரவேண்டுமானால் யாராவது நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அது அவள் அம்மாவாக இருக்கலாம், இன்னும் சில வருஷங்களுக்கு. அதற்கப்புறம் அவளேதான். எழுகிறவளும் கிளம்புகிறவளும் ஒருத்தியாகும்போது கணக்கில் எந்தப் பத்தியும் மறைந்திருக்காது; மொத்தமும் ஒரே உடம்பில் வந்து விழும். கீரை ஆயும் பெட்டியில் இருக்கிறவர்கள் இதை எனக்கு முன்பே அறிந்தவர்கள். அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். என் மனைவியும் கூடத்தில் இருந்தாள். "அவளுக்கு நான் எழுந்துக்கறேன், எனக்கென்ன?" என்றாள். "நீ எழுந்துக்கவே கூடாதும்மா" என்றாள் மகள். "நான் கேன்டீன்ல சாப்பிட்டுக்கறேன்." இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். அந்த வாதத்தில் எனக்கு இடமில்லை. மறுநாள் மாலை அவளே ஸ்டேஷனுக்குப் போய்ச் சீசன் எடுத்து வந்தாள். ஒரு மாதத்துக்கு எடுத்திருந்தாள். மூன்று மாதத்துக்கு எடுத்தால் 2.7 மாதக் கட்டணம்தான், மிச்சமாகும் என்று சொன்னேன். ஒரு மாதம் பார்க்கிறேன் என்றாள். அலாரத்தைத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.