சன்னலுக்கு வெளியே ஒரு சிரிப்பு

தொலைக்காட்சியின் தொடக்க நாட்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பலரும் "ஒளியும் ஒலியும்" நிகழ்ச்சியையும், 1987-இல் தொடங்கிய "இராமாயணம்" தொடரையும்தான் நினைவுகூர்கின்றனர். எங்கள் இல்லத்தாரின் நினைவில் நிற்பவையோ வேறு. காத்தாடி இராமமூர்த்தி நடித்த "துப்பறியும் சாம்பு", எஸ்.வி. சேகரின் "வண்ணக் கோலங்கள்" போன்ற சிறு நகைச்சுவைத் தொடர்களே அவை. இன்று அவற்றைக் குறிப்பிடுவோர் மிகச் சிலர்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆயினும் திண்டுக்கல்லில் இருந்த எங்களுக்கு அது நெடுங்காலம் கேள்விப்பட்ட செய்தி மட்டுமே. கொடைக்கானல் மலைமீது ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பின்னரே, எங்கள் தெருவின் ஆன்டெனாக்கள் மேற்குமலையை நோக்கித் திரும்பின. (ஆன்டெனாக்கள் என்றா சொன்னோம்? தெரு முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான், எதிர்வீட்டு மாடியில்.)

எங்கள் தந்தையார் பூட்டுத் தொழிலாளி. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் உணவையும் மறந்துவிடுவார். அலிகாரிலிருந்து மலிவான பூட்டுகள் வந்து குவிந்தபின், அவர் வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டது. அதன்பின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கூலிக்குச் சாவி அராவினார். பேச்சும் குறைந்தது. எதிர்வீட்டாரிடம் கைமாற்றாகப் பணம் வாங்கியிருந்தமையால், அவ்வீட்டுப் படி ஏற மறுத்தார். நாங்கள் மட்டும் போய்த் தரையில் நெருக்கியடித்து அமர்வோம். எங்களுக்குப் பின்னால், தெருவின் அப்புறத்திலிருந்து, அரத்தின் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும்.

சாம்பு, எழுத்தாளர் தேவன் படைத்த பாத்திரம். எல்லாராலும் அசடு என்று ஒதுக்கப்பட்ட வங்கிக் குமாஸ்தா. அறிவால் அன்று, தவறி விழுந்தும் தடுக்கி நின்றும் குற்றவாளியைக் கண்டுபிடித்துப் பெரிய துப்பறிவாளராகிவிடுவார். ஒரு மாலை அவர் திருதிருவென விழித்து நிற்க, ஊரே அவரை மேதை என்று கொண்டாடியது. அறை முழுதும் சிரித்தது. அப்போது சன்னலுக்கு வெளியிலிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. அரத்தின் ஓசை எப்போது நின்றதென்று நாங்கள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தோம். கம்பியைப் பிடித்தபடி தந்தையார் தெருவில் நின்றிருந்தார்.

எதிர்வீட்டு அம்மாள் ஒன்றும் பேசாமல் ஒரு முக்காலியை எடுத்துச் சென்று வெளியே போட்டார். அடுத்த வாரமும் அது அங்கே இருந்தது. அக்காலத் தொடர்கள் பெரும்பாலும் 13 வாரங்களில் முடிந்துவிடும். எங்களுக்கு அது போதவில்லை.

அந்நாளில் ஒளிப்பதிவு நாடாக்கள் விலை மிகுந்தவை. ஒன்றை அழித்து மற்றொன்றைப் பதிவது பல நாடுகளிலும் வழக்கமாயிருந்தது. பிரிட்டனில் பெரும்புகழ் பெற்ற "டாட்ஸ் ஆர்மி" நகைச்சுவைத் தொடரிலேயே 1969-இல் ஒளிபரப்பான மூன்று பகுதிகள் அவ்வாறு தொலைந்து போயின. ஆனால் எந்த நாடா கிடைத்தாலும், நாங்கள் தேடும் சிரிப்பு அதில் இராது.

தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அன்று அவர் எந்தக் காட்சிக்குச் சிரித்தார் என்பதில் எங்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. சாம்பு நாற்காலியிலிருந்து விழுந்ததற்கு என்பார் அண்ணன். இல்லை, காவலர் வணக்கம் வைத்ததற்கு என்பாள் தங்கை. அம்மாவைக் கேட்டால் வேறொன்று சொல்வார்: "அதெல்லாம் எனக்குத் தெரியாது. பூட்டுக்காரர் அன்னைக்கு வீட்டைப் பூட்டாம வந்துட்டாரு."