வளர்வதற்கு நேரம் கொடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆட்டங்கள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, நவம்பருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒன்பது மாதங்கள் மைதானம் காலியாகக் கிடக்கும். ஆனால் ரசிகனின் வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்திகள் எல்லாம் அந்த ஒன்பது மாதங்களில்தான் வருகின்றன. பயிற்சியாளர் போகிறார், இன்னொருவர் வருகிறார். போன வாரம் வரை நம் நிறத்தில் ஆடிய பையன் வேறு சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறான். எந்த அணியோடு மோதப் போகிறோம் என்பதுகூட மாறிவிடுகிறது.

நான் ஒரெகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ரசிகன். ஆரஞ்சும் கறுப்பும் எங்கள் நிறம்; அணியின் பெயர் பீவர்ஸ். பல்கலைக்கழகம் இருக்கும் கார்வாலிஸ் அறுபதாயிரம் பேர் அளவே வாழும் சிறிய ஊர். வேலைக்காக இங்கே வந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவன் நான். குளிர்காலம் முழுக்க மழை தூறிக்கொண்டே இருக்கும் இந்த ஊரில், கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் பேச்சு கடைசியில் அணியில்தான் வந்து நிற்கும்.

2025 சீசன் எங்களுக்குக் கொடுமையாக அமைந்தது. முதல் ஏழு ஆட்டங்களிலும் தோற்றோம். ஏழாவது ஆட்டத்தின் மறுநாளே தலைமைப் பயிற்சியாளர் டிரெண்ட் பிரே நீக்கப்பட்டார். கடைசிக் கணக்கு 12 ஆட்டங்களில் 2 வெற்றி. நவம்பர் இறுதியில், அலபாமா அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜமார்கஸ் ஷெப்பர்டை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜனவரி பிறந்ததும் வீரர்கள் மாறும் காலம் தொடங்கியது. போவது யார், வருவது யார் என்று ஊரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வீரர்கள் மாறுவதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பார்கள். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. 2018இல் தொடங்கிய பெயர்ப் பட்டியல் அது. வேறு கல்லூரிக்குப் போக நினைப்பவன் அதில் பெயரைச் சேர்த்துவிட்டால், எந்தப் பயிற்சியாளரும் அவனோடு பேசலாம். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் முதல் மாற்றத்துக்கு அந்தத் தடை நீங்கியது. 2024இல் அநேகமாக முழுவதுமே நீங்கிவிட்டது. தன் பெயரையும் படத்தையும் வைத்து வீரன் பணம் சம்பாதிக்க 2021 ஜூலை 1 முதல் அனுமதி உண்டு. 2025 ஜூனில், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு கல்லூரிக்கு முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். அந்த வரம்பு வரை கொடுக்க முடிந்தவர்கள் யார், முடியாதவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் இரண்டாவது வரிசை.

அதனால்தான் எங்களிடமிருந்து பலர் போய்விட்டார்கள். 2023இல் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடிக் குவித்த டேமியன் மார்ட்டினெஸ், அடுத்த வசந்தத்தில் மயாமிக்குப் போனான். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டி.ஜே. உயாகலலே ஃபுளோரிடா ஸ்டேட் போனான். அவனுக்குப் பின் எங்கள் நம்பிக்கையாக இருந்த இளம் குவார்ட்டர்பேக் ஏடன் சைல்ஸ் மிச்சிகன் ஸ்டேட் போனான். ஒவ்வொரு முறையும் ஊரில் ஒரே புலம்பல்: பையன்களுக்கு விசுவாசம் இல்லை, எல்லாம் பணம் செய்கிற வேலை.

இந்தப் புலம்பலை நான் ஏற்கவில்லை. சைல்ஸ் ஏன் போனான்? அவனைச் சேர்த்த பயிற்சியாளர் ஜொனதன் ஸ்மித் முதலில் போனார். 2023 நவம்பர் 24 அன்று, பரம எதிரியான ஒரெகன் பல்கலைக்கழகத்திடம் 31-7 என்று தோற்றோம். மறுநாளே ஸ்மித் மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போகும் செய்தி வந்துவிட்டது. பயிற்சியாளர்கள் காலங்காலமாக இப்படித்தான் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒரு வருடம் சும்மா உட்காரச் சொன்னதில்லை. ஐம்பது வயதுக்காரர் சம்பளம் பார்த்து ஊர் மாறினால் முன்னேற்றம், இருபது வயதுக்காரன் மாறினால் துரோகம் என்பது எந்த ஊர் நியாயம்? அதுவும் அவன் முட்டியில் ஒரு தசைநார் அறுந்தால் மொத்தக் கனவும் போய்விடும். கிடைக்கும்போது நாலு காசு பார்ப்பதில் தவறே இல்லை.

போர்ட்டல் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு மட்டும் போகவில்லை, கொடுத்தும் இருக்கிறது. கொலராடோவிலிருந்து வந்த ஆந்தனி ஹாங்கர்சன் 2024இல் ஆயிரம் கெஜத்தைத் தாண்டி ஓடி, 15 டச்டவுன் போட்டான். அடுத்த ஆண்டும் எங்களோடுதான் இருந்தான். இன்னும் பின்னால் போனால், எங்கள் வரலாற்றிலேயே சிறந்த அணியான 2000ஆம் ஆண்டு அணியில் பந்து பிடித்த சாட் ஜான்சனும் டி.ஜே. ஹூஷ்மன்ஸாடாவும் கலிஃபோர்னியாவின் இரண்டு ஆண்டுக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் இல்லாமல் எங்களுக்கு எந்தக் காலத்திலும் பெருமை இருந்ததில்லை.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 4ஆம் தேதியை இங்கே யாரும் மறக்கவில்லை. 1915இல் வேர்விட்ட மேற்குக் கடற்கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்பு பேக்-12. யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் விலகுவதாக முந்தைய ஆண்டே அறிவித்திருந்தன. கொலராடோவும் ஜூலையில் விலகுவதாக அறிவித்தது. போதுமான தொலைக்காட்சி ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்றதும், அந்த ஒரே நாளில் ஒரெகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஐந்தும் கிளம்பிவிட்டன. செப்டம்பர் முதல் நாள் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் போயின. பசிபிக் கரையில் இருக்கும் அந்த இரண்டும் சேர்ந்த கூட்டமைப்பின் பெயரே அட்லாண்டிக் கரை. மிஞ்சியவர்கள் நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும். நூறு வருடம் கூட ஆடியவர்களே எங்களை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ரீசர் மைதானத்தின் மேற்குப் பகுதியை இடித்து, சுமார் 16 கோடி டாலரில் புதிதாகக் கட்டித் திறந்ததும் அதே இலையுதிர் காலத்தில்தான்.

வீரர்களைப் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகங்கள், அதுவும் அரசுப் பல்கலைக்கழகங்கள், தொலைக்காட்சிப் பணத்துக்காகக் கண்டத்தின் மறுகோடிக்குக் கூட்டு மாறின. அதன் விலையைக் கொடுப்பது கால்பந்து வீரர்கள் மட்டுமல்ல. வாலிபால் ஆடும் பெண்ணும் சாஃப்ட்பால் ஆடும் பெண்ணும் வாரநாளில் மூன்று மணி நேர வித்தியாசம் உள்ள ஊருக்குப் பறந்து, ஆடி, திரும்பி வந்து தேர்வு எழுதுகிறார்கள்.

எஞ்சிய இரண்டு கல்லூரிகளும் நீதிமன்றம் போய்க் கூட்டமைப்பின் நிர்வாகத்தைக் கையில் வாங்கின. போய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் ஆகியவற்றைச் சேர்த்து 2026இல் எட்டு கால்பந்து அணிகளோடு புதிய பேக்-12 தொடங்குகிறது. பழைய பெருமை இதில் இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு இது நிறைவான செய்தி. சமபலமுள்ள அணிகளோடு ஆடி ஜெயிக்கவும் தோற்கவும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் எதைப் பற்றித்தான் கவலை? நேரத்தைப் பற்றி. எங்களைப் போன்ற அணிக்கு எந்தக் காலத்திலும் இருந்த ஒரே சொத்து அதுதான். ஜொனதன் ஸ்மித்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவிலிருந்து இங்கே வந்த உயரம் குறைந்த பையன் அவர். உதவித்தொகை கிடையாது. சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, அணியில் இடம் கிடைத்தால் போதும் என்று வருகிறவர்களை வாக்-ஆன் என்பார்கள். அப்போது அணி தொடர்ந்து 28 சீசன்களாக, 1971 முதல் 1998 வரை, ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம் என்ற நிலையில் இருந்தது. அந்த வாக்-ஆன் பையன்தான் 2001 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா போல் என்ற பெரிய ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக நின்று நோட்டர் டேமை 41-9 என்று வீழ்த்தினார். பின்னாளில் பயிற்சியாளராகத் திரும்பி வந்தபோது, முதல் மூன்று சீசன்களில் அவருக்குக் கிடைத்த வெற்றிகள் ஒன்பதே. நிர்வாகம் பொறுத்தது. ஐந்தாவது சீசனில், 2022இல், பத்து வெற்றி. 31-10 என்று பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து ஒரெகனை 38-34 என்று தோற்கடித்ததும் அந்த ஆண்டில்தான். வீரராகவும் பயிற்சியாளராகவும் இரண்டு முறையும் அவரை உருவாக்கியது காத்திருந்த ஊர்.

மிச்சிகன் ஸ்டேட்டில் அவருக்கு இரண்டே சீசன்கள்தான் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் நீக்கிவிட்டார்கள். எங்களை விட்டுப் போனவர் என்று இங்கே சிலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்தச் செய்தியில் மகிழ எதுவும் இல்லை. பிரேயின் கதையும் அதேதான். இங்கேயே லைன்பேக்கராக ஆடி வளர்ந்தவர் அவர். பாதி அணி கலைந்துபோன நேரத்தில் முதன்முறையாகத் தலைமை ஏற்றார்; 19 ஆட்டங்களில் கதை முடிந்துவிட்டது. ஏழு தோல்விகளுக்குப் பிறகு அவர் நீடித்திருக்க வேண்டும் என்று வாதாட முடியாது. ஆனால் அந்த நிலையில் யார் வந்திருந்தாலும் கற்றுக்கொள்ள நேரம் கிடைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஹவுஸ் சமரசத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. அணியில் 105 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு முன் 85 பேருக்கு மட்டுமே முழு உதவித்தொகை. ஆனால் அதற்கு மேல் எத்தனை வாக்-ஆன் பையன்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இப்போது இந்த வரம்பை ஏற்ற கல்லூரிகளில் கடைசி வரிசைப் பையன்களுக்குத்தான் இடம் சுருங்குகிறது. மாறுவதற்கு உரிமை கிடைத்தது நியாயம். பணம் கிடைத்தது நியாயம். வாசலில் வந்து நின்று வாய்ப்பு கேட்பவனுக்குக் கதவைக் குறுக்கியது நியாயமே இல்லை.

அந்தக் கடைசி வரிசையில் என்ன நடக்கிறது என்பதை, ஏப்ரல் மாதத்தில் ஊரார் பார்க்க அனுமதிக்கும் பயிற்சி நாளில் பார்க்கலாம். எல்லோருடைய கண்ணும் குவார்ட்டர்பேக் மேல் இருக்கும். நான் மைதானத்தின் மூலையில் தாக்குதல் வரிசைப் பையன்கள் நிற்கும் பக்கம் போய் நிற்பேன். ஒருமுறை மலைபோல் இருந்த ஒரு பையனுக்குப் பயிற்சியாளர் முதல் காலடியை மட்டுமே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பந்து நகர்ந்ததும் ஆறு அங்குலம் மட்டும் காலை எடுத்து வைக்க வேண்டும். பையன் ஓரடி வைத்தான்; எடை ஒரு பக்கம் சாய்ந்தது; எதிரில் நின்றவன் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். பயிற்சியாளர் குனிந்து, கையால் அவன் குதிகாலைப் பிடித்து நகர்த்தி, ஈரப் புல்லில் இடம் காட்டினார். மறுபடியும், மறுபடியும் அதே ஆறு அங்குலம். அந்தப் பையன் ஆட்டத்தில் இறங்க இரண்டு வருடம், ஒருவேளை மூன்று வருடம் ஆகும். அப்படி வளர்கிறவர்கள் ஐந்து பேர் முன்னால் நின்றால்தான் 2022இல் பார்த்த ஓட்டம் வரும்.

ஷெப்பர்டிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். போர்ட்டலில் தேவையானவர்களை எடுக்கட்டும். ஆனால் ஒரெகன் மாநிலத்தின் சிறிய ஊர்ப் பள்ளிகளிலிருந்து வரும் பையன்களுக்கு அணியில் நிரந்தரமான ஓர் இடம் வைக்க வேண்டும். நிர்வாகம் இருக்கும் பணத்தில் முதல் பங்கை ஏற்கெனவே இங்கே வளர்ந்துவிட்ட மூன்றாமாண்டு வீரனைத் தக்கவைக்கச் செலவிட வேண்டும். புதிதாக ஒருவனை விலைக்கு வாங்குவதைவிட அதுதான் லாபம். முதல் இரண்டு சீசன்களின் தோல்விக் கணக்கைக் காட்டிப் பயிற்சியாளரின் கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது.

இங்கே முதுகலை படிக்கும் மதுரைப் பையன் ஒருவன் போன சீசனில் என்னோடு ஆட்டம் பார்க்க வந்தான். நாலாவது தோல்வியின்போது கேட்டான்: "அண்ணே, நாப்பது மைல் தள்ளி யூஜீன்ல ஒரெகன்னு அவ்வளவு பெரிய டீம் இருக்கு. நீங்க எதுக்குண்ணே இதையே கட்டிக்கிட்டு அழுவுறீங்க?"

"தம்பி, அங்க ஆள் வந்து இறங்குறத பாக்கலாம். இங்க ஆள் வளர்றத பாக்கலாம். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றேன். அடுத்த ஆட்டத்துக்கும் வந்தான்.

ரசிகர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எட்டாவது ஆட்டத்திலேயே தலை உருள வேண்டும் என்று கத்துகிற கூட்டம் நாமாக இருந்தால், நிர்வாகமும் அவசரப்படும். பயிற்சியாளரும் ஆறு அங்குலம் சொல்லித்தர உட்காராமல், வெளியிலிருந்து ஆள் பிடிக்க ஓடுவார். பெரிய பணக்கார அணிகளோடு பணத்தில் போட்டி போட நம்மால் முடியாது. பொறுமையில் போட்டி போட முடியும். இந்த ஊர் அதை முன்பு இரண்டு முறை செய்து காட்டியிருக்கிறது. புதிய கூட்டமைப்பில் முதல் சீசன் எப்படி அமைந்தாலும் நான் என் இருக்கைக்கான பணத்தை மறுபடியும் கட்டுவேன். 2028 வரை ஷெப்பர்டின் வெற்றி தோல்வியைக் கூட்டிக் கழித்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என்னோடு ஆட்டம் பார்க்கும் எல்லோரிடமும் நான் கேட்பதும் அதே மூன்று ஆண்டுகளைத்தான்.