கடன் வாங்கிக் கழித்தல்

அக்காவின் பேத்தி ஐந்தாம் வகுப்பு. நோட்டை நீட்டினாள். 5-லிருந்து 2.37 போனால் 3.37 என்று எழுதியிருந்தாள். மிஸ் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

அந்தத் தப்பு எனக்குப் பழைய சொந்தக்காரன்.

1981. நான் ஏழாவது. அக்காவின் காலேஜ் ஃபீஸுக்காக அம்மா தன் இரண்டு பவுன் சங்கிலியைக் கடையில் போட்டு, மெல்லிசாக ஒன்று எடுத்துக்கொண்டாள். பழையது 16 கிராம். புதியது 9.35. செய்கூலி, சேதாரம் போக மிச்சத் தங்கத்துக்குப் பணம். அம்மா அணா காலத்தில் அஞ்சாவது வரை படித்தவள். புள்ளி வைத்த கணக்கு அவளுக்குப் பிடிபடாது. "எவ்வளவுடா மிச்சம்?" என்று என்னைக் கேட்டாள்.

16-ல் 9 போனால் 7. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற 35-ஐ அப்படியே இறக்கு. "7.35" என்றேன், கெத்தாக.

கடைக்காரர் 6.65 என்றார். அவ்வளவுதான். "முக்கால் கிராமை முழுங்கப் பாக்கறீங்களா?" என்று அம்மா சத்தம் போட, கடையே திரும்பிப் பார்த்தது.

அவர் கோபப்படவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் 16 எழுதி, புள்ளி வைத்து, இரண்டு சைபர் போட்டார். "தம்பி, இல்லாத இடத்துல சைபர் போட்டுக்கணும். சைபர்ல அஞ்சு போகுமா?"

போகாது. பக்கத்து வீட்டில் கேட்கலாமென்றால் அங்கேயும் சைபர். அதற்கடுத்த வீட்டு 6 தன்னிடமிருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டு 5 ஆகிறது. அந்த ஒன்று நடு வீட்டுக்கு வந்ததும் பத்து. நடு வீடு அதில் ஒன்றைக் கடைசி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒன்பதோடு நிற்கிறது. கடைசி வீட்டில் இப்போது பத்து. 10-ல் 5 போக 5. 9-ல் 3 போக 6. 5-ல் 9 போகாது, பக்கத்துப் பத்தை வாங்கினால் 15. 9 போக 6.

6.65. அந்த மனுஷர் சரி. அம்மா எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள்.

என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் பாதி வழி வந்ததும் ஒரே ஒரு வார்த்தை: "உன்னை நம்பித்தாண்டா பேசினேன்."

நாலு அறை விட்டிருக்கலாம்.

பேத்திக்கு அதே சைபர் வைத்தியத்தைச் சொன்னேன். 5.00 என்று எழுதினாள். கடன் வாங்கினாள். 2.63 வந்தது. பிறகு கேட்டாள், "தாத்தா, வாங்கின கடனை எப்போ திருப்பிக் குடுக்கணும்?"

இத்தனை வயதில் எனக்குத் தோன்றாத கேள்வி. யோசித்தால், அது கடனே இல்லை, சில்லறை மாற்றுவதுதான். ஒரு ரூபாயைக் கொடுத்துப் பத்துப் பத்துப் பைசா வாங்குகிற மாதிரி. கையில் இருப்பது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியே சொன்னேன்.

கட்டிலில் படுத்திருந்த அம்மா, வயது எண்பத்திரண்டு, காது மட்டும் சரியாக வேலை செய்யும். "உங்களுக்கு எல்லாம் பத்துப் பத்துதான். 57-ல நயா பைசா வர்றவரைக்கும் எங்களுக்கு ஒரு ரூபாயை மாத்தினா பதினாறு அணா. ஒரு அணாவை மாத்தினா நாலு காலணா. கழிச்சுப் பாருங்க, தெரியும்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே, "எடையில நேர்மையான மனுஷன்" என்றாள்.

யாரை என்று நான் கேட்கவில்லை.